மூன்றாவது தண்ணீர்

ஊறவைத்த அவரைக்கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் கையில் தங்கிவிடும், பருப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் போய் விழும். அம்மாவுக்கு அப்படித்தான் விழும். சங்கமித்ராவுக்குப் பாதி கிண்ணத்தில் விழுந்தது, பாதி கேஸ் அடுப்புக்கு அடியில் ஓடியது. மணி பத்தே முக்கால். பன்னிரண்டரைக்கு நைனா வந்துவிடுவார். வந்து, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, இந்த ஒற்றை அறையையும் அதன் மூலையில் இருக்கும் சமையல் மேடையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நல்லாக் கீதே பாப்பா என்பார். அதற்குப் பிறகு சாப்பிட உட்காருவார். பெங்களூரில் அவள் பெயரில் வாடகைக்கு எடுத்த வீட்டில், அவள் கையால் சமைத்ததை, அவர் முதல்முதலாகச் சாப்பிடப்போவது இன்றைக்குத்தான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஸ்கேன். அதை இப்போது நினைக்கக் கூடாது. ஒரு கொட்டை, ஒரு பிதுக்கல். அடுத்த கொட்டை. புதன்கிழமை போனில், உனக்கு என்ன சமைக்கட்டும் நைனா என்று கேட்டபோது, எதா இருந்தா இன்னா, ரெண்டு வாய்க்கு மேல எறங்கல என்றவர், கொஞ்சம் பொறுத்து, அவளிடம் இல்லை யாரிடமோ சொல்வதுபோல, உங்கம்மா திங்கக்கிழம ஒரு சாறு வெப்பாளே, பன்னிக்கறியப் பிச்சுப்போட்டு, பிதுக்கம்பருப்பு போட்டு, அந்த மாதிரி ஏதாச்சும்னா எறங்கும் என்றார். அம்மா செத்து மூன்று வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே பண்டம். உடனே, சும்மா சொன்னேன், நீ ரசம் வை போதும் என்று மாற்றிக்கொண்டார். மாற்றிக்கொண்டதால்தான் அவளுக்கு அது கல்லில் வெட்டியதுபோல மனதில் நின்றுவிட்டது. நேற்றே செயலியில் ஒரு கிலோ பன்றிக்கறி சொல்லிவைத்திருந்தாள். இன்று காலை எட்டு மணிக்கு, வருந்துகிறோம், இருப்பில் இல்லை என்று செய்தி வந்தது. தெருவில் யாரையாவது கேட்டிருக்கலாம். காய்கறிக்கடை அக்காவைக் கேட்டிருக்கலாம். கேட்பதற்கென்று படியிறங்கிப் போனவள் ஒரு கட்டுக் கொத்தமல்லியை வாங்கிக்கொண்டு திரும்பிவந்துவிட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டால் அடுத்து, நீ எந்த ஊரும்மா, எந்தப் பக்கம் என்று வரும். அந்த அடுத்த கேள்வியின் பக்கத்தில் போய் நிற்காமலேயே நாலு வருஷம் கல்லூரியையும் ஒன்றரை வருஷம் ஆபீசையும் ஓட்டியிருக்கிறாள். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் எதற்கு, ஒரு கிலோ கறி வாங்கத் துப்பில்லை. சரி. குளிர்பெட்டியில் கறி இருக்கிறது. அதுதான் சங்கடம். மேல் தட்டில், தயிருக்குப் பக்கத்தில், மித்ரா என்று எழுதி ஒரு சிரிக்கும் முகம் வரைந்த பிளாஸ்டிக் டப்பாவில், இன்னொருவர் வீட்டு விருந்தில் மிஞ்சிய கறி.

நேற்று மத்தியானம் கௌரவ் வீட்டு மொட்டைமாடி. கௌரவ் அவளுடைய குழுத் தலைவன், அவளைவிட ஆறு வயது மூத்தவன், நல்லவன். அவள் எழுதும் மின்னஞ்சல்களைப் பார்த்துவிட்டு, ஒரே கடிதத்தில் மூன்று சாரியா மித்ரா என்று சிரிக்கிறவன். புதிதாக ஒரு புகைபோடும் அடுப்பு வாங்கியிருந்தான். முந்தின நாளே உள்ளே வைத்த பன்றித் தோள்கறி, பன்னிரண்டு மணி நேரம், மெல்லிய சூடு. அதை எடுத்துத் தட்டில் வைத்து இரண்டு முள்கரண்டியால் இரண்டு பக்கமும் இழுத்தபோது கறி பஞ்சுபோல நார் நாராகப் பிரிந்தது, மாடியே கைதட்டியது. புல்டு போர்க் என்று எல்லாரும் கொண்டாடினார்கள், ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். பன்றியை இத்தனை பேர் கூடிப் புகழ்ந்து அவள் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் அது வசவு. ஆறாம் வகுப்பில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த நகர்வு ஒரு சாண்தான் இருக்கும். அந்தச் சாண் அகலத்தை இன்றும் பெஞ்சில் அளந்து காட்ட முடியும். கௌரவ் ஒரு தட்டை நீட்டினான். அதற்குள் ஹரிணி, சென்னைக்காரி, நல்ல தமிழில், "அவள விடுங்கப்பா, பாவம், தயிர்சாதம் ஆளு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என்ன சிரிப்பு அது. அவளை யாரோ என்று நினைத்துச் செய்த கேலிக்கு அந்த யாரோவாக நின்று சிரித்த சிரிப்பு. பிறகு தைரியமாகச் செய்வதுபோல ஒரு முள்கரண்டி எடுத்து வாயில் வைத்தாள், கண்ணை விரித்தாள், "முதல் தடவை" என்று இங்கிலீஷில் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. அதுதான் இரவெல்லாம் குடைந்தது. யாராவது கேட்டுப் பொய் சொல்லியிருந்தால் ஒரு கணக்கு. கேட்காமல் தானாகவே எடுத்து நீட்டியிருக்கிறாள். மெல்லும்போது மேலாக வெல்லப்பாகும் புகையும் தெரிந்தன, மூன்றாவது மெல்லலில் அடியிலிருந்து வினிகரின் மெல்லிய காடி கிளம்பியது, அதோடு சேர்ந்து சம்பந்தமே இல்லாமல் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் கிளம்பியது, மண்ணெண்ணெய் வாசம், வீட்டுப்பாட நோட்டு, அம்மாவின் ஈரக் கை. எதனால் என்று அவளுக்குப் புரியவில்லை. பன்றிக்கறி என்றாலே இப்படித்தான் இருக்கும்போல என்று விழுங்கினாள். முதல் தடவையே என் கையாலா என்று கௌரவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மிச்சத்தை ஆளுக்கொரு டப்பாவாகக் கட்டியபோது பெரிய டப்பாவை அவளுக்குக் கொடுத்தான். சூப் பண்ணு, மிச்சத்துக்கு சூப்தான் சரி, சோளம் போடு, கொஞ்சம் சீஸ் போடு, எல்லாரும் நாளைக்குக் குழுவில் படம் போடணும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

போன் அடித்தது. ஈரக்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். "பாப்பா, பங்காருபேட்டை தாண்டிட்டேன்." "சீட்டு கெடச்சுதா நைனா?" "கெடச்சுது, ஜன்னலு. பக்கத்துல ஒருத்தரு வேர்க்கடல சாப்ட்டாரு, நீட்டினாரு, வேணாம்னுட்டேன்." "கடலைதானே நைனா, வாங்கிக்கறது." "அவரு பாதி தின்னுட்ட பொட்டலம்மா அது." இருமல் வந்தது, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமுகிறார், தூரத்தில் கேட்டால் சின்ன இருமல் என்று அவள் நினைத்துக்கொள்வாளாம். "ஸ்டேஷனுக்கு வரட்டா?" "பதினாலு வருசம் அந்த ஸ்டேஷன்ல எறங்கினவன் நானு. நீ வந்து எனக்கு வழி காட்டப்போறியா? அட்ரஸ் சட்டைப்பையில கீது. இன்னா சமையல்?" "வந்து பாரு." "ரசமா?" "வந்து பாரு நைனா." வைத்துவிட்டார். பாதி தின்ற பொட்டலம். இதுதான் அவர். அடுத்தவன் தட்டுல மிஞ்சினது இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் அவர் வீட்டில் போட்ட ஒரே சட்டம். படி, படிக்காமல் போ, சினிமாவுக்குப் போ, எதற்கும் கேட்கமாட்டார். இதற்கு மட்டும் கேட்பார். அவருக்கு ஒன்பது வயதில், பள்ளி விடுமுறையில், தங்கவயலிலிருந்து குடியாத்தம் பக்கம் உறவுக்காரர் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு பெரிய வீட்டின் கொல்லைப்பக்கம் குண்டானோடு நிற்கவைத்தார்களாம். மதிலுக்கு மேலேயிருந்து ஒரு கை பழைய சோற்றையும் குழம்பையும் கலந்து ஊற்றியதாம். உயரத்திலிருந்து ஊற்றியதில் பாதி அவர் முகத்தில். அந்தக் கை யாருடையது என்றுகூடத் தெரியாது பாப்பா, வளையல் மட்டும் தெரிஞ்சது என்றார் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவளுடைய கேக்கைப் பற்றிப் பேச்சு வந்தபோது. கேக் விஷயம் இதுதான்: மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணின் பிறந்தநாள், டீச்சர் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லி அரைத்துண்டு கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார், அதில் யாரோ கடித்த தடம் இருந்தது. நைனா திட்டவில்லை. காகிதத்தோடு எடுத்துப்போய் நாய்க்கு வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, செக்யூரிட்டி வேலைக்குப் போய்வந்த அதே காக்கிச் சட்டையை, வெளியே போய் ஒரு கிரீம் பன் வாங்கிவந்து தட்டில் வைத்து, இது உன்னுது, முழுசா என்றார். அவள் அழுதுகொண்டே முழுதும் தின்றாள். நல்ல பன் அது. இன்றைக்கு அவருக்கு என்ன வைக்கப்போகிறாள்? கௌரவின் தட்டில் மிஞ்சியதை. இல்லை, தட்டில் இல்லை, யாரும் வாய் வைக்கவில்லை, தனியாக எடுத்து டப்பாவில் போட்டான், அவள் பார்த்தாள். மிச்சம் வேறு, எச்சில் வேறு. இதை யாரிடம் வாதாடுகிறாள்? சொல்லிவிடலாம். வந்ததும், உட்கார்ந்ததும், நைனா இது மேனேஜர் வீட்டுக் கறி என்று சொல்லிவிடலாம். சொன்னால் கிண்ணத்தை மெதுவாகத் தள்ளிவைப்பார். கோபமில்லாமல் தள்ளிவைப்பார். அதைத்தான் பார்க்க முடியாது. ஏற்கெனவே ரெண்டு வாய்க்கு மேல் இறங்காத மனுஷன்.

டப்பாவை எடுத்தாள். குளிர்ந்துபோன கறி ஒரே கட்டியாக இறுகி, மேலே பழுப்புநிறப் பாகு பூசி, வெள்ளைக் கொழுப்பு கோடுகோடாக ஓடிக் கிடந்தது. இப்படியே சாற்றில் போட்டால் சாறு இனிக்கும். என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்னாலேயே கை செய்துகொண்டிருந்தது: அரிசி களையும் சல்லடையில் கறியைக் கொட்டி, ஒரு சிட்டிகை மஞ்சள் தூவி, வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றிப் பிசிறியது. முதல் தண்ணீர் தேநீர்போலக் கறுத்து ஓடியது. வெல்லம், மிளகாய், புகை, எல்லாம் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் சுழன்று இறங்கின. பன்னிரண்டு மணி நேரம் தூங்காமல் கௌரவ் ஏற்றியது. பார்த்தால் அழுதுவிடுவான். இந்தக் கை யாரிடம் கற்றது? அம்மாவிடம். அம்மா இப்படித்தான், லைன் வீட்டின் பின்பக்கம், சிமென்ட் மேடையில் குந்தி உட்கார்ந்து, ட்ரம்மிலிருந்து சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றி, மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுவாள். சுரங்கத்து ஆட்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வீடுகள், ஒரே வரிசையாக, ஒரு வீட்டில் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். சுரங்கம் மூடி நைனாவுக்கு வேலை போனபோது அவளுக்கு இரண்டு வயது. அதனால் அவள் பார்த்த நைனா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு கட்டடத்தின் வாசலில் நின்றுவிட்டு சாயங்கால ரயிலில் திரும்பும் நைனா. ஆனால் நெஞ்சுக்குள் சுரங்கம் இருந்தது. காற்றடிக்கிற மாதங்களில் தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத்தூள் பறந்துவந்து கொடியில் காயும் துணியிலெல்லாம் படியும், அம்மா உதறுவாள், நைனா இருமுவார், துணியில் இருப்பதை உதறலாம். பன்னிக் கொழுப்பு நெஞ்சுல உக்காந்த மண்ண எறக்கும், லைனில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் இது. அவள் வேதியியல் படித்தவள். வயிற்றுக்குப் போவது நெஞ்சுக்குப் போகாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செயலியில் கொழுப்போடு சேர்ந்த துண்டாகத் தேடினாள். திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா வேலைவிட்டு வரும்போது முந்தானைக்குள் தூக்குச்சட்டி இருக்கும். நேரே பின்பக்கம் போய்விடுவாள், கதவை ஒருக்களித்துவிடுவாள், சொம்பு ட்ரம்மில் மோதும் சத்தம் கேட்கும், தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். பிறகு அடுப்பு. தட்டிய பூண்டு, தோலோடு. மிளகு, சீரகம், ஒரே ஒரு தக்காளி. பிதுக்கம்பருப்பு. கறி கொஞ்சமாகத்தான் இருக்கும், மூன்று பேருக்குப் பற்றாது, அதனால் விரலால் இன்னும் நார் நாராகப் பிய்த்துப் போடுவாள், ஒவ்வொரு கரண்டியிலும் கறி வந்ததுபோலவே இருக்க வேண்டும். கடைசியில் ஒரு கை ராகி மாவைக் கரைத்து ஊற்றுவாள், சாறு கெட்டியாகித் தொண்டையைப் போர்த்திக்கொண்டு இறங்கும். நைனா தலையைக் குனிந்து குடிப்பார். அந்த ஒரு நாள்தான் இரவு இருமாமல் தூங்குவார், அல்லது அவள் சூடாகக் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கிவிடுவதால் அவர் இருமியது கேட்டிருக்காது.

இரண்டாவது தண்ணீர். இது வெளிறிய பழுப்பு. விரல்களில் பிசுபிசுப்புக் குறைந்திருந்தது, வாசம் மட்டும் போகவில்லை, வினிகர். அம்மாவின் திங்கட்கிழமைக் கையிலும் இதே வாசம்தான். தலை வாரிவிடும்போது கன்னத்தில் படும் அந்த விரல்கள். நேற்று மாடியில் கிளம்பியது இதுதான். அப்படியென்றால் அம்மாவின் கறியில் வினிகர் இருந்திருக்கிறது. அம்மா வினிகர் வாங்கியதே இல்லை. வீட்டில் புளிதான். சங்கமித்ராவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்கு முதலில் பிடிபடவில்லை, நூல் முள்ளில் மாட்டினால் துணிக்கு முன்னால் கைக்குத் தெரியுமே, அப்படி. பச்சைக்கறியைக் கழுவுவார்கள். அவள் இப்போது கழுவுவது வெந்த கறி. வெந்த கறியை யாராவது கழுவுவார்களா? அம்மா கழுவியது என்ன கறி? நினைவில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தாள். சிவப்பாக இல்லை. ரத்தம் இல்லை. முதல் தண்ணீர் தேநீர்போல ஓடியது, மேடையோரத்துச் சாக்கடையில், கிராம்பு வாசத்தோடு. கிராம்பு! அம்மா வேலை செய்தது மில்ட்ரெட் அம்மா வீட்டில். சுரங்கம் மூடி எல்லா அதிகாரிகளும் போன பிறகும் போகாமல் அந்தப் பழைய பங்களாவில் தனியாக இருந்த சட்டைக்காரக் கிழவி; வெள்ளைக்காரத் தகப்பன் வழியில் வந்த பழக்கம், ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்தால் அவளுக்கு மேஜை விரித்து வினிகரும் கிராம்பும் போட்ட பன்றி ரோஸ்ட் வேண்டும். இவ்வளவு பெரிய துண்டு வைப்பேன், கோழி கொத்தறமாதிரி ரெண்டு வாய் தின்னுட்டுப் போய்ப் படுத்துக்கும் அந்தம்மா என்று அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்வாள். மிச்சம் என்ன ஆகும் என்று சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்காமலேயே அம்மா வேறொன்று சொல்வாள், ஒவ்வொரு திங்கட்கிழமையும், நைனா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும்: ஜோசப் கடையில நேத்தே சொல்லி வெச்சிருந்தேன், நல்ல எளங்கறியா எடுத்து வெச்சான். யாரும் கேட்கவில்லை அம்மா. யாரும் கேட்காதபோது நீயாகவே எடுத்து நீட்டியிருக்கிறாய். நேற்று நான் நீட்டியதுபோல. ஐயோ. சங்கமித்ரா குழாயை மூடினாள். திறந்தாள். அந்த மனுஷனுடைய ஒரே சட்டத்தை அம்மா வாரம் தவறாமல் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, ராகி கரைத்து ஊற்றி, அவருக்கே ஊட்டியிருக்கிறாள். அவர் நெஞ்சுக்காக. அவருக்குத் தெரிந்திருந்தால்? தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் சட்டியோடு நாய்க்குப் போயிருக்கும். மூன்று வருஷமாக அம்மாவின் போட்டோவுக்கு அவரே பூ வாங்கிப் போடுகிறார். புதன்கிழமை அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அதைத்தான், தான் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமலேயே. இப்போது அவள் உண்மையைச் சொன்னால், மேனேஜர் வீட்டு மிச்சம், வெல்லப்பாகு போகக் கழுவினேன் என்று சொன்னால், அவர் கழுவினியா என்று ஒரு கணம் நிற்பார், அவரும் சிமென்ட் மேடைக்குப் போவார், தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார். செத்தவளைக் காட்டிக்கொடுத்தது போலாகும். சொல்லாவிட்டால் தானும் இன்னொரு ஜோசப் கடையைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது தண்ணீர். தொட்டியின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புத் திட்டுகள் ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். வெந்நீர் வெல்லத்தை மட்டுமா எடுக்கும்? நெஞ்சுக்கு என்று எதைத் தேடினாளோ அது சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. சட்டென்று சல்லடையைத் தூக்கிவிட்டாள். முகர்ந்தாள். வினிகர் இருந்தது, லேசாக. இன்னொரு தண்ணீர் விட்டால் அதுவும் போகும், கொழுப்பும் போகும், வெறும் நார் மிஞ்சும். சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். மணி பதினொன்று இருபத்தைந்து. போதும். குக்கரில் பருப்பு போட்டாள், பூண்டைத் தட்டினாள், மிளகும் சீரகமும் கையுரலில் நுணுங்கின, தக்காளி ஒன்று, மஞ்சள், உப்பு. பருப்பு வெந்ததும் கறி. வீடு முழுக்க வாசம் எழுந்தது, ஜன்னலைச் சாத்தப் போனாள், பக்கத்து வீட்டுக்குப் போகுமே என்று, பிறகு சாத்தவில்லை, பிறகு பாதி சாத்தினாள். போனில் குழுச் செய்திகள் வந்து விழுந்தன. ஹரிணி பன்னுக்குள் வைத்த படம் போட்டிருந்தாள். யாரோ சோளச் சூப். மித்ரா, உன்னுடையது எங்கே என்று கௌரவ். பதில் எழுத ஆரம்பித்து, சாரி என்று தொடங்கியிருப்பதைப் பார்த்து அழித்தாள். ராகி மாவைக் கரைத்தாள், கட்டிதட்டாமல், விளிம்பிலிருந்து மெல்ல ஊற்றிக் கிளறினாள். திங்கட்கிழமைகளில் நைனா நேரே உள்ளே வரமாட்டார். அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது? ரயிலைவிட்டு வந்து, எதிர்வரிசைச் சுவரில் சாய்ந்து நின்று ஒரு பீடி பற்றவைப்பார். பீடியை டாக்டர் அறவே நிறுத்தச் சொல்லி, அவரும் நிறுத்தி, வாரத்துக்கு அந்த ஒன்று மட்டும். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே வாசல் வழியாக அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்ப்பாள். நைனா வந்துட்டாரு என்று கத்துவாள். வரட்டும், வரட்டும் என்பாள் அம்மா பின்பக்கத்திலிருந்து. தலைவலித் தைலத்துக்குக்கூட அவரோடு சண்டை போடுகிறவள், அந்தப் பீடிக்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அழைப்புமணி அடித்தது. பன்னிரண்டு பத்துதான் ஆகியிருந்தது. டப்பாவைத் தேடினாள், மேடைமேல் இருந்தது, சிரிக்கும் முகத்தோடு, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

நைனா மூன்றாவது மாடிக்கு ஏறிவந்த மூச்சை வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டார். முன்பைவிடச் சட்டை பெரிதாகியிருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. "நம்மூரு பேக்கரி கிரீம் பன். ரெண்டு. நசுங்காம கொண்டாந்துட்டேன்" என்றார். செருப்பை ஓரமாகக் கழற்றினார். ஒரு சுற்றுப் பார்த்தார். "நல்லாக் கீதே பாப்பா. காத்து வருது. ஜன்னல ஏன் பாதி சாத்தி வெச்சிருக்க?" போய் அவரே முழுதாகத் திறந்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றினாள். இப்போது சொல்ல வேண்டும். இப்போது. வாய்க்குள் வாக்கியம் தயாராக இருந்தது, மூன்று முறை ஒத்திகை பார்த்தது. அதற்குள் கிண்ணம் அவர் கைக்குப் போய்விட்டது.

"நைனா, அது வந்து..."

"குடிக்க வுடு."

தலையைக் குனிந்து ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தார். இன்னொரு வாய். ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நாலு வாய், ஐந்து வாய். எண்ணுவதை நிறுத்தினாள்.

"கழுவினியா?" என்றார், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"எத்தினி தண்ணி?"

"மூணு."

"வினிகர் போகல. உங்கம்மா கழுவினாலும் போகாது."

ஜன்னல் வழியாக வந்த காற்றில் கவிழ்த்துவைத்த டப்பா லேசாக ஆடியது. அவள் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டாள். "உனக்குத் தெரியுமா?"

"திங்கக்கெழம எவன் பன்னி அறுக்கறான் நம்மூர்ல? ஞாயித்துக்கெழமையே பத்து மணிக்கு ஜோசப்பு கடையத் தொடச்சி வுட்டுட்டுப் போயிடுவான்." இன்னொரு வாய் குடித்தார். "இது யாரு குடுத்தது?"

"எங்க மேனேஜர். நேத்து விருந்து. யாரும் கை வெக்கல நைனா, தனியா எடுத்துக் குடுத்தாரு. நான்..." அடுத்து வாயில் வந்தது கறியைப் பற்றியது இல்லை. "நான் அங்க, பன்னிக்கறி சாப்பிடறது இதுதான் மொத தடவன்னு சொல்லிட்டேன்."

"இன்னா சொன்ன?"

"மொத தடவன்னு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, கிண்ணம் தளும்பி, அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவ, இருமலுக்கு நடுவே, "பல்லு மொளைக்கறதுக்கு முந்தியே சப்பிக்கினு கெடந்தவ" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டார். "அவளும் அப்டித்தான். ஜோசப்பு, ஜோசப்பு. நான் கேட்டேனா?"

"அப்புறம் ஏன் நைனா குடிச்ச? மிச்சம்னா உனக்குத்தான் ஆகாதே."

கரண்டியால் அடியில் கிடந்த பருப்பைத் தள்ளிப் பார்த்தார். "நாலாவது தண்ணி ஊத்தினா வாசன சுத்தமாப் போயிடும். எனக்கும் தெரியாமப் போயிருக்கும். ஆனா அதோட கொழுப்பும் போயிடும், நெஞ்சுக்கு ஆகணுமே. அதனால மூணோட நிறுத்திடுவா" என்றார். "ரயிலவுட்டு எறங்கி வந்தா உள்ளாற சொம்பு சத்தம் கேக்கும். ஊத்திக்கினு இருப்பா. நான் போயி நின்னா அவ மொகத்த எங்க வெச்சுக்குவா? செவுத்தோரமா நின்னு ஒரு பீடியப் பத்த வெப்பேன். தண்ணி சத்தம் நின்னப்புறம்தான் உள்ள வருவேன்."

கிண்ணத்தை நீட்டினார். "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து. அடியில கலக்கி ஊத்து."

ஊற்றினாள். அடியில் கலக்கி ஊற்றினாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொட்டியில் கிடந்த சல்லடையைக் கழுவுவதற்காகக் குழாயைத் திறந்தாள். சத்தமாக விழுந்தது தண்ணீர். அவர் உள்ளேயே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்.